புளிப்புக்கு முந்தி

பார்லிக்கு அவசரம் இல்லை. அறுத்துக் காயவைத்துச் சாக்கில் கட்டினால் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால்தான் ஸ்கொட்லாந்தின் விஸ்கி வடிசாலைகள் வயலைத் தேடாமல் நல்ல தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. வன்னியின் பூநகரிப் பனங்கள்ளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. விடிய இறக்கியதற்குப் பொழுதுபட முன் ஒரு வழி பிறக்கவேண்டும்: ஒன்றில் யாராவது குடிக்கவேண்டும், ஒன்றில் வடிசாலைக்குப் போகவேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் மிஞ்சுவது வினாகிரி.

இத்தனைக்கும் மரம் மகா நிதானம். பனை முதற்பாளை தள்ளப் பன்னிரண்டு வருடமும் ஆகும், இருபதும் ஆகும். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் கள் இறக்கலாம். பாளை விரியவிடாமல் இறுகக் கட்டி, தட்டி நசித்து, நுனியைச் சீவி முட்டியைக் கட்டுவார்கள். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே காலையும் ஏற வேண்டும், மாலையும் ஏற வேண்டும். தெற்கே களுத்துறைப் பக்கம் தென்னைகளுக்கிடையே கயிறு கட்டியிருப்பார்கள். ஒருதரம் ஏறினவர் மரத்துக்கு மரம் கயிற்றிலேயே நடந்து போய்விடுவார். பனையில் அந்த வித்தை நடக்காது. ஒவ்வொன்றிலும் காலில் தளைநார் மாட்டி ஏறி, முட்டியோடு இறங்கி, அடுத்ததில் ஏற வேண்டும். வடிசாலைச் சுற்றுலாக்களில் செப்புக் கிடாரத்தைப் பெருமையாகக் காட்டுவார்கள். நான் சுற்றுலா நடத்தினால் முதலில் பனையடிக்குத்தான் கூட்டிப்போவேன். கள்ளை ஆசையாய்க் குடித்த ஊர் சீவினவரை முற்றத்தோடு நிறுத்திவைத்த கதையையும் அங்கேதான் சொல்லவேண்டும்.

முட்டியில் விழும்போது அது வெறும் இனிப்புச் சாறு. உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் புளிக்காது. அதுதான் கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. பூசாத முட்டியில், காற்றிலும் முட்டியிலும் ஏற்கெனவே இருக்கும் மதுவங்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். விஸ்கிக்காரர் தானியத்தை முளைக்கவிட்டு, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, மாப்பொருளைச் சீனியாக்கி, அதன்மேல் மதுவம் தூவி நாட்கணக்கில் காத்திருப்பார். பனை இவ்வளவையும் மரத்தின் உச்சியிலேயே முடித்துக் கையில் தருகிறது. சில மணி நேரத்தில் மதுசாரம் ஐந்து சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். அதன்பின் அசற்றிக் அமிலப் பற்றீரியாக்களின் முறை. அவற்றோடு பேரம் பேச முடியாது.

முதல் உரிமை தவறணைக்கு. இலங்கையில் கள் இறக்கவும் விற்கவும் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். வடக்கில் 1970களிலிருந்து இந்தத் தொழில் பெரும்பாலும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் கையில். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்த காலம் போய் இப்போது போத்தலும் பிளாஸ்ரிக் கோப்பையுமாகிவிட்டது. கள் பெருகும் மாதங்களில் தவறணை குடித்து முடிக்காத மிச்சம்தான் சாராயத்துக்குப் போகிறது. பனஞ்சாராயம் என்றவுடன் வாயில் வரும் பெயர் வடமராட்சியின் திக்கம் வடிசாலை. அங்கே இருக்கிறது வன்னியின் சிக்கல். முல்லைத்தீவிலிருந்து பரந்தன், ஆனையிறவு வழியாகத் திக்கம் போக நூறு கிலோமீற்றர் அளவில் வரும். பூநகரிக்காரருக்கும் 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கும்வரை தரைவழி என்றால் அதே பரந்தன் சுற்றுத்தான். அந்த வெயிலில் கானுக்குள் குலுங்கிக்கொண்டு போகும் கள் வழியிலேயே தன் பாட்டில் புளித்துக்கொண்டிருக்கும். பனை எங்கே நிற்கிறதோ அங்கே கிடாரம் இருக்கவேண்டும். பெரிதாக வேண்டியதில்லை, கிட்ட இருந்தால் போதும்.

கிடாரத்துக்குள் நடப்பது சுருக்கமான கதை. மதுசாரம் 78 பாகை செல்சியசில் கொதிக்கும், தண்ணீர் 100இல். முதலில் வரும் காரநெடியையும் கடைசியில் வரும் கனத்த வாடையையும் கழித்து நடுப்பகுதியை எடுப்பதில்தான் வடிப்பவரின் மூக்கு தெரியும். செம்பு கந்தக நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும். கள்ளத்தனமாகக் கசிப்புக் காய்ச்சுகிறவர் இந்தக் கழிப்பைச் செய்வதில்லை. நட்டம் என்று நினைப்பார்.

வடித்தபின் அவசரம் தீர்ந்தது, இனி மரத்தொட்டியில் உறங்கலாம். ஸ்கொட்ச் விஸ்கிக்கு ஓக் பீப்பாவில் மூன்று வருடமாவது சட்டம். இலங்கையில் அந்த வேலைக்கு ஹல்மில்ல மரம், தமிழில் சாவண்டலை. உலர்வலயக் காட்டு மரம், வன்னியின் சொந்தப் பிள்ளை. திருகோணமலையிலிருந்து கப்பலேறி சென்னையில் மசூலாப் படகுகளாகவும் ஆனது. ஓக்கைப்போல நிறத்தையும் வாசத்தையும் அள்ளிக் கொட்டாது, அடக்கமாகவே பழுக்கவைக்கும். ஆனால் அந்தத் தொட்டியில் வருடக்கணக்கில் கிடந்து பெயர் வாங்கியது தெற்குத் தென்னஞ்சாராயம். நம் காட்டு மரத்துக்குள் நம் பனஞ்சாராயம் பத்து வருடம் கிடந்தால் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தீராத ஆசை.

சாராயத்தோடு புளிப்பும் இனிப்பும் வாசனையும் கலப்பது புதுமோஸ்தர் அல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே கிழக்கே வந்த ஆங்கிலக் கப்பற்காரர் சாராயம், எலுமிச்சை, சீனி, மசாலா, தண்ணீர் சேர்த்துப் பஞ்ச் என்று குடித்தார்கள். பின்னாளில் லண்டன்காரருக்கு அந்தச் சுவை விட்டுப்போகாமல், கிச்சினர் என்ற சமையல் நூலாசிரியர் ரம்முக்குள் சாம்பிராணிச் சத்துப் போட்டுப் போலிச் சாராயம் செய்யச் சொன்னார்.

வன்னி வெயிலுக்கு என் முறை இது. பனங்கட்டியைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டுப் பாணியாக்கி ஆறவிடுங்கள். உயரமான கிளாசில் ஐஸ் நிரப்பி, சாராயம் 50 மில்லிலீற்றர், பாணி ஒரு மேசைக்கரண்டி, அரைத் தேசிக்காயின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. மேலே எலிஃபன்ட் ஹவுஸ் ஜின்ஜர் பியர் ஊற்றி ஒருதரம் மட்டும் கிளறினால் போதும். அதிகம் கிளறினால் வாயு போய்விடும். கோலா ஊற்றுகிறவர்களை நான் தடுப்பதில்லை, ஆனால் பனையின் வாசம் அதோடு முடிந்தது. பனஞ்சாராயம் கிடைக்காவிட்டால் தென்னஞ்சாராயமும் சரி. அது சாதுவானது, தேசிக்காயைக் கொஞ்சம் குறையுங்கள்.