மீதியை வெள்ளித்திரையில் காண்க

எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் பார்த்த படத்தின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் அடுப்பில் சோறு குழைந்துவிடும், அவ்வளவு சுவாரசியம். 'காதலிக்க நேரமில்லை' படத்தை நான் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குக் கதை மனப்பாடம். எல்லாம் அம்மா திண்ணையில் உட்கார்ந்து சொன்னதுதான்.

என் பையன் இதற்கு நேரெதிர். நாலாவது படிக்கிறான். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று பிசிறில்லாமல் வாசிப்பான். மூடி வைத்துவிட்டு "நரி ஏன்டா அப்படிச் சொல்லுச்சு?" என்று கேட்டால் முழிப்பான். பரீட்சையில் கேள்வியில் இருக்கிற வார்த்தையைப் பாடத்தில் தேடி, அது வருகிற வரியை அப்படியே எழுதிவிட்டு வருவான். நானும் பொறுமையிழந்து கத்தியிருக்கிறேன். கொஞ்ச நாளில் புத்தகத்தை எடுத்தாலே "வயிறு வலிக்குதுப்பா" என்று சொல்ல ஆரம்பித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

1986ல் காஃப், டன்மர் என்று இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறன் ஒன்று, கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. எது ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். என் வீட்டில் ஒரு பாதி அம்மாவிடமும் மறுபாதி பையனிடமும் இருந்தது!

சரி, எழுத்து தெரியாத அம்மாவுக்குக் கதை எப்படி இவ்வளவு நன்றாகப் பிடிபட்டது? யோசித்துப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

1931ல் 'காளிதாஸ்' வந்து தமிழில் படம் பேசத் தொடங்கும் முன்பு, ஊமைப்படக் கொட்டகைகளில் கதையை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் நிற்பார். பேசும் படம் வந்ததும் அவர் வேலை போனது. அந்த இடத்துக்கு வந்தது பாட்டுப் புத்தகம். மலிவுத் தாளில் பாட்டுகள், கூடவே ஒரு கதைச் சுருக்கம். யார் யார், யாருக்கு என்ன ஆசை, அதற்கு என்ன தடை என்பது வரைக்கும் சொல்லிவிட்டு, சரியான இடத்தில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டுவிடுவார்கள். அம்மா அதை வாங்கி வந்து பக்கத்து வீட்டு அக்காவை வாசிக்கச் சொல்வாங்களாம். பிறகு வானொலியில் ஒலிச்சித்திரம் வந்தது. முழுப்படத்தைச் சுருக்கி, வசனத்தை மட்டும் போடுவார்கள். யார் எங்கே நிற்கிறார், ஏன் அழுகிறார் என்பதை நாமே மனசுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பைசா வாங்காமல் நடந்த கதைப்பயிற்சி இது.

இன்னொரு பக்கம், தமிழ்ப் படத்தில் காமெடியைத் தனி டிராக்காக வைப்பது என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலிருந்தே உண்டு. கதையோடு ஒட்டாததால் சுலபமாக வெட்டி எடுக்கலாம். முதலில் காமெடி கேசட், அப்புறம் டிவியில் காமெடிக் காட்சிகள், இப்போது செல்போனில் துண்டு வீடியோ. என் பையன் நூறு துண்டுகள் பார்த்திருப்பான், ஒரு கதை பார்த்ததில்லை. பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்கிற காட்சியும் அவனுக்கு அத்துப்படி. அந்த இரண்டு பேரும் யார் என்றுதான் தெரியாது.

அதனால்தான் 'காதலிக்க நேரமில்லை'யையே எடுத்தேன். 1964ல் ஸ்ரீதர் இயக்கிய படம். வசனத்தில் சித்ராலயா கோபுவுக்கும் பங்கு உண்டு. இதில் காமெடி தனி டிராக் கிடையாது, கதையே காமெடிதான். வெட்டினால் ரத்தம் வரும்!

மூன்று சாயங்காலம், தினம் ஒரு மணி நேரம் என்று பார்த்தோம். அங்கங்கே நிறுத்தி மூன்றே கேள்விகள் கேட்டேன். இவருக்கு என்ன வேணும்? ஏன் கிடைக்கல? இப்ப யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது? முதல் நாள் தோள் குலுக்கல்தான் பதில். நானும் கத்தவில்லை (அதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் :-)).

இரண்டாம் நாள். எஸ்டேட் வேலையிலிருந்து துரத்தப்பட்ட அசோக், முதலாளி விஸ்வநாதனின் பெண்ணைக் கட்டிக்கொள்வதற்காகத் தன் அப்பா பெரிய கோடீஸ்வரர் என்று புளுகுகிறான். நண்பன் வாசுவுக்கு வயசான வேஷம் போட்டு அப்பாவாக வரவழைக்கிறான். வாசு வந்து பார்த்தால், தான் காதலிக்கும் காஞ்சனா அதே வீட்டுப் பெண். இங்கே நிறுத்தினேன். பையன் விரல் விட்டு எண்ணினான். "அசோக்குக்குத் தெரியும். வாசுவுக்குத் தெரியும். நமக்குத் தெரியும். அந்தத் தாத்தாவுக்கு மட்டும் தெரியாது. பாவம்ப்பா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதனாலதான் சிரிப்பு வருது" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் தடவிவிட்டேன்.

பேய்க்கதைக் காட்சியைத் திரும்பவும் பார்த்தோம். சினிமா எடுக்கப்போகிறேன் என்று அப்பா வீட்டிலேயே ஓஹோ புரொடக்ஷன்ஸ் நடத்துகிற மகன் செல்லப்பா, அப்பாவுக்குக் கதை சொல்கிறான். பாலையாவின் முகம் வெளிறிக்கொண்டே போகிறது. பையன் உருண்டு உருண்டு சிரித்தான். அப்புறம் அவனாகவே சொன்னான்: "அவர் சொல்றதுல கதையே இல்லப்பா. வெறும் சத்தம்தான்."

அவன் பாடம் வாசிப்பதும் இத்தனை நாள் அப்படித்தானே இருந்தது! இதை நான் கத்திக் கத்திச் சொல்லியும் ஏறவில்லை. நாகேஷ் ஒரே காட்சியில் ஏற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் முழுக்கதையும் சொன்னான். காஞ்சனாவையும் நிர்மலாவையும் இரண்டு இடத்தில் மாற்றிவிட்டான். அம்மா ஒன்றும் தெரியாத மாதிரி "அப்புறம்? அவ ஏன் அப்படிப் பண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாங்க. ஒவ்வொரு 'ஏன்'னுக்கும் அவனிடம் பதில் இருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, என்னுடைய மூன்று கேள்விகளும் திண்ணையில் அம்மாவிடமிருந்து வந்தவைதான் என்று.

அடுத்த பரீட்சையில் மார்க் கொட்டிவிட்டது என்று சொன்னால் அது அசோக் விட்ட புளுகு மாதிரி ஆகிவிடும். நாலு மார்க் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வயிற்றுவலி இல்லை. "நரி ஏன் அப்படிச் சொல்லுச்சு?" என்றால், "காக்காவுக்கு அது பொய்னு தெரியாதுல்ல" என்கிறான்.

அடுத்து 1981ல் வந்த 'தில்லு முல்லு'. மீசை இருந்தால் ஒருத்தன், இல்லாவிட்டால் இன்னொருத்தன். யாருக்கு என்ன தெரியும் என்று எண்ண இரண்டு கை போதாது. உங்கள் வீட்டில் வேறு எந்தப் படம் இதற்குச் சரிப்பட்டு வந்தது என்று சொல்லுங்களேன்.