கூடி அமரும் நாள்

மைசூர்ச் சீமையின் தென்கிழக்கே, மலை மாதேசுவரன் மலையை அடுத்த வட்டாரத்தில் ராமாபுரம் என்றோர் ஊர் உள்ளது. பழைய கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1956ஆம் ஆண்டு அக்டோபர் இறுதி வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. 1997இல் மைசூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, இப்பகுதி சாமராசநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. மக்கள் இருந்த இடத்தில் இருந்தனர். எல்லைக் கோடுதான் இடம் பெயர்ந்தது. மாதேசுவரனை வழிபடக் கன்னடம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அன்றும் வந்தனர், இன்றும் வருகின்றனர்.

பிழைப்பை நாடி மாநிலம் கடந்து சென்றோர்க்கும், வீட்டிலிருந்தபடியே மாநிலம் மாறப்பெற்றோர்க்கும் எழும் வினா ஒன்றே. பெரும்பான்மையோர் மொழி வேறாக உள்ள ஊரில் ஒருவர் எவ்வாறு அவ்வூராராகிறார்? வாடகைச் சீட்டும் குடும்ப அட்டையும் முகவரியைத் தரும்; ஊரைத் தருவதில்லை. இவ்வினாவுக்கு எளிய விடையொன்றைக் கண்டறிந்தவர் நம் நாட்டவரல்லர். அவரும் ஊர் விட்டு ஊர் வந்தவரே. ஆதலின் அவர் வரலாறு நமக்குப் பயன்படும்.

அவர் பெயர் பால் ஹாரிஸ். 1868இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே வெர்மாண்ட் மாநிலத்து வாலிங்ஃபோர்டு என்ற சிற்றூரில் பாட்டன் பாட்டியிடம் வளரச் சென்றார். பின்னர் வழக்கறிஞராகி 1896இல் சிகாகோ நகரில் தொழில் தொடங்கினார். தொழில் வளர்ந்தது; தனிமையும் உடன் வளர்ந்தது. சிற்றூரில் கண்ட நட்பை மாநகரில் காணாது வருந்திய அவர், தம்மைப் போல் பலர் இருத்தல் கூடும் என எண்ணினார். 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மாலை, சுரங்கப் பொறியியலாளர் குஸ்தாவ் லோயரின் அலுவலக அறையில் நால்வர் கூடினர். பால் ஹாரிஸ், லோயர், நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீல், தையல் தொழிலர் ஹைராம் ஷோரி என்போர் அந்நால்வர். கூட்டத்தை உறுப்பினர் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுழற்சியாக நடத்தினர். அச்சுழற்சியே ‘ரோட்டரி’ என்னும் பெயருக்குக் காரணமாயிற்று.

தொழிலுக்கு ஒருவர் என்பது அவர்கள் வகுத்த முறை. ஒரே தொழிலினர் இருவர் அமர்ந்தால் போட்டி புகும். பல தொழிலினர் அமர்ந்தால் ஒருவர் அறியாததை மற்றவர் அறிவர். தொடக்கத்தில் ஒருவர்க்கொருவர் வாணிகத்தில் உதவுவதும் நோக்கமாக இருந்தது. ஆயினும் தமக்குள் கொடுத்து வாங்குவது மட்டும் நெடுநாள் நிலைக்காது என்பதை விரைவில் உணர்ந்தனர். சிகாகோ நகரில் பொதுமக்களுக்குக் கழிப்பிடம் அமைக்க வேண்டுமென்று 1907இல் முயன்றதே அவர்களுடைய முதற் பொதுப்பணி. உலகளாவிய ஓர் இயக்கத்தின் தொண்டு, தெருவில் செல்வோரின் அன்றாடத் தேவையிலிருந்து தொடங்கியது கருதத்தக்கது.

இவ்வியக்கத்தின் உயிர்நாடி கூட்டத்திற்குத் தவறாமல் வருதலே. தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வாராதவர் உறுப்பினர் நிலையை இழப்பர் என்பது நெடுங்காலம் நின்ற விதி. வெளியூர் சென்றவர் அவ்வூர்ச் சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு அக்குறையை ஈடு செய்யலாம். இதனால் முன்பின் அறியாத நகரிலும் ஒருவர்க்கு உணவு மேசையில் ஓரிடம் கிடைத்தது. 2016இல் விதிகள் தளர்த்தப்பட்டன. மாதம் இருமுறையேனும் கூடினால் போதும் என்னும் உரிமை சங்கங்களுக்கு அளிக்கப்பட்டது.

கூட்டத்தின் நடைமுறை யாவரும் அறிந்ததே. தலைவர் மணியடிப்பார். விருந்தினர் அறிமுகம் நிகழும். செயலாளர் ஊர்ச் செய்திகளை வாசிப்பார்: இன்னார்க்குப் பிறந்த நாள், இன்னார் இல்லத்தில் திருமணம், இன்னார் மருத்துவமனையில் இருக்கிறார், வரும் ஞாயிறன்று கண் மருத்துவ முகாம், பள்ளிக்கூடத்தில் குடிநீர்த் தொட்டி வேலை பாதியில் நிற்கிறது. பின்னர் ஒருவர் உரையாற்றுவார். நன்றியுரையோடு கூட்டம் நிறைவுறும். செயலாளர் வாசித்த செய்திகள் சிறு தாளில் அச்சேறி உறுப்பினர் கைக்கு வரும். நாளிதழ் இடங்கொடாத செய்திகளே இவை. ஆயினும் யாருக்கு எப்போது எவ்வுதவி தேவை என்பதை இவையே அறிவிக்கின்றன.

இவ்வழக்கம் இந்தியாவில் முதலில் கல்கத்தாவில் வேர்கொண்டது. 1920இல் அங்குள்ள சங்கம் ஏற்பிசைவு பெற்றது. சென்னையில் 1929இலும், பெங்களூரில் 1934இலும் சங்கங்கள் தோன்றின. கல்கத்தாவைச் சேர்ந்த நிதீஷ் லாஹிரி 1962-63ஆம் ஆண்டில் அனைத்துலக ரோட்டரியின் தலைவரானார்; ஆசியாவிலிருந்து அப்பொறுப்பை ஏற்ற முதல்வர் அவரே. 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவர் அதே சிகாகோவில் தொடங்கிய லயன்ஸ் இயக்கமும் 1956இல் பம்பாய் வழியாக இந்தியாவை எய்தியது.

சிறு மேசைகளில் பழகிய பழக்கம் பெருந்தொண்டுக்கும் உதவியது. இளம்பிள்ளை வாதத்தை உலகினின்றும் ஒழிக்கும் பணியை ரோட்டரி 1985இல் மேற்கொண்டது. அரசும் உலக நலவாழ்வு நிறுவனமும் பிறரும் இணைந்து நடத்திய சொட்டு மருந்து நாட்களில், முகாம் அமைத்தல், ஊர்தி தருதல், வீடுதோறும் அறிவித்தல் ஆகியவற்றில் உள்ளூர்ச் சங்கங்கள் துணை நின்றன. ஊர்தி யாரிடம் உளது, எத்தெருவில் யார் சொன்னால் தாய்மார் செவிமடுப்பர் என்பன ஊர்ச் செய்தி அறிந்தோர்க்கே தெரியும். இந்தியாவில் கடைசியாக இந்நோய் கண்ட குழந்தை மேற்கு வங்கத்து ஹௌராவில் 2011ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் பதிவாயிற்று. 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், நம் நாடு அந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது.

குறையும் கூறல் வேண்டும். இம்மேசையின் கதவு நெடுங்காலம் அனைவர்க்கும் திறந்திருக்கவில்லை. கலிபோர்னியாவில் துவார்ட்டி என்ற ஊர்ச் சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டதற்காக 1978இல் இயக்கத்தினின்றும் நீக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1987இல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. 1989இல்தான் உலகெங்கும் பெண்கள் உறுப்பினராகும் விதி வந்தது. சந்தாவும் விருந்துச் செலவும் கூலித் தொழிலாளரை இன்றும் வாயிலிலேயே நிறுத்துகின்றன. தொழிலுக்கு ஒருவர் என்ற விதி, தொழில் நடத்துவோரை எண்ணியதேயன்றித் தொழில் செய்வோரை எண்ணியதில்லை.

இனி நம்மிடம் வருவோம். வெளி மாநிலத் தமிழர் சங்கம் காண்பதில் பின்தங்கியவரல்லர். டெல்லித் தமிழ்ச் சங்கம் 1946இலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இலும் தோன்றின. மதுரைக்குக் கூடல் என்பது பழம்பெயர்; சங்கம் வளர்த்த நகர் கூடல் எனப்பட்டமை நாம் மறக்கலாகாத பொருத்தம். ஆனால் சிற்றூர்களிலும் தொழிற்சாலைக் குடியிருப்புகளிலும் அமைந்த பல சங்கங்கள் பொங்கலன்று மட்டுமே கூடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை கூடுவோர் விழாக் கொண்டாடுவர். அண்டை வீட்டு நோயாளியை அறியார்.

இதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. நாம் நமக்குள் மட்டும் கூடினால் போதுமா? 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டிக் கருநாடகத்தில் கலவரம் மூண்டபோது, தமிழர் பலர் வீடும் பொருளும் இழந்து வெளியேறினர். அவ்வாண்டே பெங்களூரில் தமிழ்ச் சங்கம் அமைத்த திருவள்ளுவர் சிலை, திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடியிருந்தது. இரு மாநில அரசுகளும் கலந்து பேசி உடன்பட்ட பின்னரே, 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது; நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. அரசுகள் ஒரு மேசைக்கு வர 18 ஆண்டுகள் ஆயின. ஒரு தெருவினர் வாரந்தோறும் வந்து அமர்வதற்கு அத்துணைக் காலம் வேண்டுவதில்லை.

ஆகவே வெளி மாநிலத் தமிழர்க்கு இரண்டு கூட்டங்கள் வேண்டும். ஒன்று, குழந்தைகள் தாய்மொழி மறவாதிருக்க நாம் நமக்குள் கூடுவது. மற்றொன்று, கன்னடரோ மராத்தியரோ இந்தி பேசுவோரோ, எவர் ஊரில் நாம் வாழ்கிறோமோ அவரோடு கூடுவது. பெருஞ்சங்கங்களின் சந்தா கைக்கு எட்டாதெனின் பள்ளித் திண்ணை போதும். விருந்து வேண்டா, தேநீர் போதும். நாள் குறித்து, அந்நாள் தவறாமல் வருதல் ஒன்றே இன்றியமையாதது. வராதவரை நாடிச் சென்று ஏன் வரவில்லை என்று கேட்பாராயின், அங்கு ஓர் ஊர் உருவாகிவிட்டது எனக் கொள்ளலாம்.