காலியாவின் தாய்த்துறை: கரிசலிலிருந்து ஒரு வாசிப்பு

பிரிஸ்டல் நகரில் 1843 ஜூலை 19 அன்று நீரில் இறக்கப்பட்ட 'கிரேட் பிரிட்டன்' என்னும் இரும்புக் கப்பல், முதுமையில் பாக்லாந்து தீவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்தது. அதை மிதவையில் ஏற்றி அட்லாண்டிக் கடல்வழியே இழுத்து வந்தார்கள். 1970இல் அதே ஜூலை 19 அன்று, அது கட்டப்பட்ட அதே உலர்துறைக்குள் நிறுத்தினார்கள். வரலாற்றுக் கப்பல்கள் ஊர் திரும்புவதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதையே முன்மாதிரியாகக் கொள்கின்றனர். கட்டிய இடமே கப்பலின் வீடு என்பது இதன் உட்கிடை.

தூத்துக்குடிக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் 'காலியா' இங்கே கட்டப்பட்டதல்ல. வெளிநாட்டில் உருவாகி, விலைக்கு வாங்கப்பட்டது. ஆனாலும் 1907 மே மாதம் அது முதன்முறையாக வந்தபோது ஊர் அதைத் தன் கப்பலாகவே வரவேற்றது. எட்டயபுரத்தில் பிறந்த பாரதி தம் 'இந்தியா' இதழில் அந்த மகிழ்ச்சியைக் கொண்டாடினார். அதே நிறுவனத்தின் இரண்டாவது கப்பலான 'லாவோ'வும் இதே வரவேற்பைப் பெற்றது. பிறப்பால் அயலான கப்பலை ஊர்க் கப்பலாக்கியது எது? யாருடைய பணம், யாருடைய சரக்கு, யாருடைய துணிவு என்பவையே ஒரு கப்பலின் தாய்த்துறையை நிறுவுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். அப்படிப் பார்த்தால் காலியாவின் தாய்த்துறை கடற்கரையோடு முடியவில்லை. ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டி, அருப்புக்கோட்டை எனக் கரிசல் காட்டுக்குள் வெகுதூரம் நீள்கிறது.

முதலில் பணம். 1906 அக்டோபரில் பதிவான இந்நிறுவனத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பங்கின் விலையை இவ்வளவு தாழ்த்தியதைத் திட்டமிட்ட செயலாகவே நான் காண்கிறேன். ஒரு சில செல்வந்தரிடம் மொத்தமாகப் பெறாமல், சிறு வணிகரையும் நடுத்தரக் குடும்பங்களையும் உடைமையாளராக்கும் ஏற்பாடு அது. பங்குகள் ஆசியருக்கே உரியவை, ஐரோப்பியருக்கு இல்லை என்பதும் விதி. தலைவராக இருந்த பாண்டித்துரைத் தேவர் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாலவனத்தத்தின் ஜமீன்தார்; மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார். துணைச் செயலாளர் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். தலைவரும் துணைச் செயலாளரும் மானாவாரி நிலத்து மனிதர்கள் என்பதைக் கடல்சார் வரலாறு போதிய அளவு கவனித்ததில்லை.

சரக்கைப் பொறுத்தவரை ஒரு மறுப்பு எழும். கரிசலின் முதன்மை விளைபொருள் பருத்தி. அதன் பெருஞ்சந்தை கொழும்பு அல்ல. காலியா ஓடியதோ தூத்துக்குடி–கொழும்புத் தடம். அப்படியானால் அந்தக் கப்பலுக்கும் கரிசலுக்கும் என்ன தொடர்பு? மறுப்பு நியாயமானது. ஆனால் அது கப்பலின் சரக்கறையை மட்டும் பார்க்கிறது. அதே கொழும்புத் தடத்தில் காலியாவுக்குப் போட்டியாக நின்ற பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்குத் தூத்துக்குடியில் முகவராக இருந்தது ஹார்வி நிறுவனம். கரிசல் பருத்தியை நூலாக்கிய கோரல் ஆலையும் அதே ஹார்விகளுடையது. 1876இல் திறக்கப்பட்ட ரயில் பாதை கோவில்பட்டி, மணியாச்சி வழியாகப் பருத்திப் பொதிகளைக் கடற்கரைக்கு இறக்கியது. வயலும் பொதியும் ஆலையும் கப்பலும் ஒரே பிடிக்குள் இருந்தன. கொழும்புத் தடத்தில் அந்தப் பிடியை எதிர்ப்பதும் கரிசலின் பருத்திப் பொருளாதாரத்தை ஆண்ட கையை எதிர்ப்பதும் வேறு வேறல்ல.

வ.உ.சி. இதை நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கு 1908 பிப்ரவரி இறுதியில் தொடங்கிய கோரல் ஆலை வேலைநிறுத்தமே சான்று. கப்பல் நடத்தியவர் ஏன் ஆலைத் தொழிலாளருக்காக நின்றார் என்று தனியே விளக்கம் தேட வேண்டியதில்லை. எதிரே நின்றது ஒரே முதலாளி. கட்டணத்தைக் குறைத்தும், இலவசமாக ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தும் வெள்ளையர் நிறுவனம் முடிக்காத வேலையை அரசு முடித்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி பொங்கியெழுந்தது, ஜூலை 7 அன்று இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் அவர் விடுதலை பெற்றபோது திரும்பி வர அவருக்குக் கப்பல் இல்லை. நிறுவனம் 1911இலேயே கலைக்கப்பட்டிருந்தது.

அன்றைய தூத்துக்குடி ஆழமற்ற துறை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட்டன; ஆளும் சரக்கும் தோணிகளில்தான் போய்வந்தன. கப்பலைக் கரையில் நின்று தொட்டவர் எவருமில்லை. அதைத் தங்களுடையது என்று சொல்ல மக்களிடம் இருந்தது பங்குப் பத்திரம்தான்.

1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படம் வ.உ.சி.யை மறதியிலிருந்து மீட்டது. அதற்கான நன்றி தமிழரிடம் என்றும் உண்டு. ஆனால் அந்தப் பட்டம் ஒருமையில் நிற்கிறது. பல ஊர்களின் சேமிப்பு சேர்ந்து ஓடிய கப்பல் ஒருவரின் தியாகக் கதைக்குள் அடங்கிவிட்டது. இன்று துறைமுகம் வ.உ.சி. பெயரையே தாங்குகிறது, 2011 முதல். பெயர் சூட்டிய பிறகும் உடைமையாளர்களின் வரலாறு எழுதப்படாமல் மிஞ்சியிருக்கிறது. வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதியின் ஆய்வுகள் இத்திசையில் பெரும் வழி திறந்திருக்கின்றன. ஊர் ஊராகச் செய்ய வேண்டிய பணி இன்னும் உண்டு.

இந்தப் பணியைத் தொடங்கப் பொருத்தமான இடம் கோவில்பட்டி என்பேன். கரிசலின் பருத்தி வணிகமும் 1901 முதல் இயங்கும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் அங்கே இருப்பது ஒரு காரணம். சிறைக்குப் பின் பறிபோன வழக்கறிஞர் உரிமத்தை மீண்டும் பெற்ற வ.உ.சி. அங்கேதான் சில ஆண்டுகள் தொழில் நடத்தினார்; 1932இல்தான் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார் என்பது அதைவிட வலுவான காரணம். கப்பலை இழந்தவர் கரையை விட்டுக் கரிசலுக்குள் வாழ்ந்த அந்த ஆண்டுகளை வறுமையின் கதையாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். தம் நிறுவனத்தின் உள்நாட்டிலேயே அவர் வாழ்ந்தார் என்றும் அதைப் படிக்கலாம்.

காலியாவின் மாதிரி ஒன்றைத் துறைமுக வாசலில் நிறுத்தலாம் என்று யாரேனும் சொன்னால் நான் எதிர்க்கமாட்டேன். அதற்கு முன் செய்ய வேண்டியது, பழைய வணிகக் குடும்பங்களின் கணக்கேடுகளிலும் ஜமீன் ஆவணங்களிலும் அந்த 25 ரூபாய்ப் பங்குகளைத் தேடி, ஊர்வாரியாகப் பட்டியலிட்டு, நகலெடுத்து, கோவில்பட்டியிலேயே பொதுப் பார்வைக்கு வைப்பது.