டீசல் ஜீப்புகளில் ஒலிவழிப் பழுதறிதல்

ஒலிவழிப் பழுதறிதல் என்பது, ஓடும் இயந்திரம் எழுப்பும் வழக்கத்துக்கு மாறான ஒலியைக் கொண்டு, எந்தப் பகுதி பழுதடைந்துள்ளது என்பதை அதனைப் பிரிப்பதற்கு முன்னரே கண்டறியும் முறையாகும். மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத பழைய டீசல் ஜீப்புகளிலும் பிக்கப்பு வண்டிகளிலும் கணினியை இணைத்துப் பிழைக்குறியீடுகளைப் படிக்கும் வசதி இல்லை. ஆகவே அவற்றுக்கு இம்முறை இன்றியமையாதது. தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இத்தகைய வண்டிகள் மலைப்பாதைகளில் ஆட்களையும் சுமையையும் ஏற்றிச் செல்வதால், ஒலியைச் சரியாக இனங்காண்பது உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடையதாகிறது.

பின்னணி

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்புகளில் சென்று வருகின்றனர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகியன இதற்கான மலைவழிகளாகும். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை 1940களின் இறுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1979 இல் பிரான்சின் பெசோ நிறுவனத்திடமிருந்து எக்ஸ்.டி.பி 4.90 என்னும் டீசல் இயந்திரத்தை உருவாக்க உரிமம் பெற்றது. நான்கு உருளைகளைக் கொண்ட இவ்வியந்திரத்தின் கொள்ளளவு 2112 கன செ.மீ. ஆகும். பின்னர் 2523 கன செ.மீ. நேரடி உட்செலுத்து இயந்திரமும் பயன்பாட்டுக்கு வந்தது. இவ்விரண்டிலும் பம்பு, நாசில் ஆகியவை முழுவதும் இயந்திரவியல் முறையில் இயங்கும் வடிவங்களே பழைய வண்டிகளில் காணப்படுகின்றன.

இயல்பான ஒலியும் பழுது ஒலியும்

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. செலுத்துவதற்கும் பற்றுவதற்கும் இடையே சிறு காலத்தாழ்வு உண்டு. காற்றும் இயந்திரமும் குளிர்ந்திருந்தால் இத்தாழ்வு நீள்கிறது. அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரே வேளையில் எரிவதால் 'டக் டக்' என்ற அடி எழுகிறது. எனவே போடியில் அமைதியாக ஓடிய வண்டி, மறுநாள் விடியலில் பூப்பாறைக் குளிரில் உரத்து ஒலிப்பது பழுதன்று. சூடேறியதும் அது குறையும். சூடேறிய பின்னும் தொடர்வதும், முன்பு இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் ஆராயத்தக்கவை.

ஒலிகளும் காரணங்களும்

* மேற்பகுதியில் மெல்லிய, ஒரே சீரான தட்டல்: வால்வு இடைவெளி கூடியிருத்தல். டேப்பெட் சரிசெய்தால் நீங்கும்.
* குளிரில் கேட்டுச் சூட்டில் மறையும் மந்தமான தட்டல்: தேய்ந்த பிஸ்டன் உருளைச்சுவரில் மோதுதல். பிஸ்டன் சூட்டில் விரிவதால் இடைவெளி குறைந்து ஒலி அடங்குகிறது.
* சூடேறச் சூடேற வலுக்கும் ஆழமான அடி: கனெக்டிங் ராடு பேரிங் அல்லது மெயின் பேரிங் தேய்வு. சூட்டில் ஆயில் நீர்த்து அதன் படலம் மெலிவதே காரணம். ஆயில் அழுத்தமும் குறைந்து காட்டும்.
* கரும்புகையுடன் கூடிய கூர்மையான அடி: நாசில் பழுது. பம்பு டைமிங் மாறினாலும் அடி கூடும்.
* மேடேறும்போது மிகும் 'டிக் டிக்' ஒலி: புகைபோக்கி இணைப்பில் கசிவு. இது டேப்பெட் ஒலி என எளிதில் தவறாகக் கொள்ளப்படும்.
* கியர் மாற்றும்போது ஒற்றை அடி: புரொப்பெல்லர் சாப்டின் கிராஸ் தேய்வு, அல்லது இயந்திர மவுண்டிங் ரப்பர் கிழிந்திருத்தல்.

நான்கடி இயந்திரத்தில் கேம் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழலும். நிமிடத்துக்கு 750 சுற்று ஓடும் இயந்திரத்தில் ஒரு வால்வின் தட்டல் வினாடிக்கு ஏறத்தாழ ஆறு முறை கேட்கும். எனினும் ஒவ்வோர் உருளையிலும் எரிதல் இரு சுற்றுக்கு ஒருமுறையே நிகழ்வதால் நாசில் அடியும் அதே வேகத்தில் வரும். ஆகவே வேகத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

சோதனை முறைகள்

முதலில் ஆயில் மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். ஆயில் குறைவாக இருந்து பேரிங் அடி கேட்டால், வேறு சோதனைக்காகவும் இயந்திரத்தை ஓட்டலாகாது.

தொட்டறிதல்: நீண்ட திருப்புளியின் முனையை இயந்திரத்தில் ஊன்றிக் கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்கலாம். டேப்பெட் மூடி, பிளாக்கின் பக்கவாட்டு, ஆயில் சம்பு, டைமிங் மூடி, வாட்டர் பம்பு என ஒவ்வோர் இடமாக ஒப்பிட்டால் ஒலி மிக உரத்துக் கேட்கும் இடம் தெரியும். தளர்ந்த உடையும் துண்டும் ஃபேனில் சிக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெல்ட்டைக் கழற்றுதல்: ஃபேன் பெல்ட் இன்றி ஒரு நிமிடத்துக்குள் இயக்கிப் பார்க்கலாம். ஒலி நின்றால் பழுது வாட்டர் பம்பிலோ ஆல்டர்னேட்டரிலோ உள்ளது.

கிளட்ச்: பெடலை மிதித்ததும் ஒலி தோன்றினால் ரிலீஸ் பேரிங்கையும், மிதித்ததும் ஒலி மறைந்தால் கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டு பேரிங்கையும் ஐயுறலாம்.

உருளை நிறுத்தல்: நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் அந்த உருளையில் எரிதல் நிற்கும். அப்போது அடி மறைந்தால் பழுது அவ்வுருளையைச் சார்ந்தது. நாசிலை வேறு உருளைக்கு மாற்றிப் பார்த்து, அடியும் உடன் இடம்பெயர்ந்தால் நாசில் காரணம். அதே உருளையில் நின்றால் பிஸ்டனோ பேரிங்கோ காரணம். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உட்செல்லக்கூடியது என்பதால் பயிற்சி பெற்றவரே இதனைச் செய்தல் வேண்டும். காமன் ரெயில் வகை இயந்திரங்களில் இம்முறையை ஒருபோதும் கையாளலாகாது.

மலைப்பாதையில்

பேரிங் அடியுடன் தொடர்ந்து ஓட்டினால் கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கைத் துளைக்கலாம். இயந்திரம் இறுகியும் போகலாம். இறக்கத்தில் இயந்திரம் நின்றால் கியரால் வேகத்தைக் கட்டுப்படுத்துதல் பாதிக்கப்படும். வெற்றிட உதவி கொண்ட பிரேக் உள்ள வண்டியில் சேமித்த வெற்றிடம் ஓரிரு மிதிப்புகளில் தீர்ந்து, அதன்பின் பெடலை மிகுந்த வலுவுடன் மிதிக்க வேண்டிவரும். எனவே ஆழமான அடி கேட்டாலோ ஆயில் விளக்கு எரிந்தாலோ, வளைவில்லாத அகன்ற இடத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கிட்டு, சக்கரங்களுக்குக் கல் அணைத்து, பயணிகளை இறக்கிவிடுவதே முறையாகும்.

செலவு நோக்கிலும் இது பொருந்தும். தொடக்கத்தில் கண்டறிந்தால் பேரிங் மாற்றுவதோடு முடியும். தாமதித்தால் கிராங்க் தண்டை 0.25 அல்லது 0.50 மி.மீ. அளவுக்குக் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் இட வேண்டியிருக்கும். ராடு முறிந்துவிட்டால் பிளாக்கே பயனற்றுப் போகலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* டீசல் இயந்திரம்
* கம்பம் பள்ளத்தாக்கு
* போடிமெட்டு