வாத்தியாரின் நகைச்சுவையும் சட்டத்தின் மொழியும்

2014இல் எம்.ஏ. வகுப்பில் குறளின் நட்பு அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர், 'இப்பல்லாம் நட்பு வேற மாதிரி, ஜாக்கிரதை' என்று மணிக்கட்டை ஒடித்துக் காட்டினார். வகுப்பே சிரித்தது. நானுந்தான். கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் யாரிடம் போய் முறையிட்டிருக்க முடியும்?

சட்டம் அன்று வாத்தியார் பக்கம் இருந்தது. 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் தளர்த்திய 377ஆம் பிரிவை 2013 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் மீட்டுக் கொடுத்திருந்தது. (ஓரினச்சேர்க்கை என்ற நம் சொல்லும் 377இன் உறவுக்காரன்தான், ஆளைச் சொல்லாது, செயலைச் சொல்லும்.) தளர்ந்திருந்த இடைவெளியில்கூட என்ன நடந்தது? அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மராத்திப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் வீட்டுக்குள் புகுந்து படம்பிடித்தார்கள். நிர்வாகம் இடைநீக்கம் செய்தது அவரைத்தான். 2010 ஏப்ரல் 1இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஒரு வாரத்துக்குள் இறந்து கிடந்தார். பேராசிரியருக்கே இந்தக் கதியென்றால் மாணவன் எம்மாத்திரம்.

2016இல், 377 உயிரோடிருந்தபோதே, பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் விதிகளில் பாலீர்ப்பு என்ற சொல் நுழைந்தது. ஆனால் அது மாணவன் மாணவனுக்கு இழைக்கும் மனவதையைப் பற்றியது. வாத்தியார் செய்தால் நகைச்சுவை. அவரைத் தொடக்கூடியது அதே குழுவின் 2015ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் விதிகள். பாலியல் சாயலுள்ள பேச்சும் அதில் குற்றம்; ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் ஆளாகலாம் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவுக்கு எழுதித்தர வேண்டும். பெயரை வெளியிடக் கூடாதுதான். ஆனால் குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டுமே. பொதுவாச் சொன்னது, உனக்கு மட்டும் ஏன்யா சுட்டுச்சு என்று கேட்டால்? புகாரே வாக்குமூலமாகிவிடுகிறது.

2018 செப்டம்பர் 6இன் தீர்ப்பு, வயதுவந்தோரின் இசைவான உறவை 377இலிருந்து விடுவித்தது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவிலுள்ள பால் என்ற சொல் பாலீர்ப்பையும் குறிக்கும் என்றது. அரசுக் கல்லூரியென்றால் 226ஆம் பிரிவில் ரிட் போடலாம். தனியார் கல்லூரியில் அந்த வழி குறுகல். 2021 ஜூன் 7இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் சுஷ்மா வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தானே உளவியலாளரிடம் போய்க் கற்றுவந்து தீர்ப்பெழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்தது. பால்புதுமையரைத் துன்புறுத்தினால் நடத்தை மீறல். கல்விக்கூடங்களுக்கு அத்தீர்ப்பு பாடத்திட்ட மாற்றத்தையும் விழிப்புணர்வையும் சொன்னது.

ஆக, கடைசி பெஞ்சுக்காரன் பாலியல் துன்புறுத்தல் விதிக்குள் தன் புகாரை மடக்கித்தான் எழுத வேண்டும்: தேதி, பாடவேளை, சொன்ன வாசகம், கேட்டவர்கள் பெயர். 2014இல் எழுதியிருந்தால் அந்தக் கடைசிப் பட்டியலில் என் பெயரும் இருந்திருக்கும்.