பிறர் விமானத்தில் எங்கள் மைல்கள்



எங்கள் சமூகத்தில் விமானப் பயணம் பெரும்பாலும் உல்லாசத்துக்கானது அல்ல. கல்யாணம், செத்தவீடு, அந்தியேட்டி, சுகமில்லாத தாய்தகப்பன், பல வருடம் காணாத சகோதரங்கள் என்று ஏதோ ஒரு கடமைதான் எங்களை விமானத்தில் ஏற்றுகிறது. ஒரு குடும்பமே நாலு திசையிலும் சிதறிப்போனதால், ரொறன்ரோவில் இருப்பவர் பாரிசுக்கும் போகவேண்டும், சென்னைக்கும் கொழும்புக்கும் போகவேண்டும். அப்படிப் போய்வரும்போது சேர்கின்ற மைல்களைப் பற்றியதே இம்மாத உரை. ஒரு நிறுவனத்திடம் சேர்த்த மைல்களைக் கொண்டு இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் எப்படி இடம் பிடிக்க முடிகிறது? அதற்கு ஏன் இத்தனை விதிகள்? சரித்திரத்தைப் பார்த்தால் விதிகள் தாமாக விளங்கும்.

1978ஆம் ஆண்டு வரை அமெரிக்காவின் உள்நாட்டு விமானங்கள் எங்கே பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை அரசாங்கத்தின் சபை ஒன்றே தீர்மானித்தது. அந்த வருடம் ஒக்ரோபரில் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. நிறுவனங்கள் ஒன்றோடொன்று விலையில் மோதத் தொடங்கின. வந்த பயணியைக் கைவிட்டுப் போகாமல் பிடித்து வைப்பது எப்படி என்ற கவலை அப்போதுதான் பிறந்தது.

அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனத்திடம் சேபர் என்ற கணினிப் பதிவு முறை இருந்தது. அதில் ஒரே தொலைபேசி இலக்கம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடி, அடிக்கடி பறப்பவர்களைக் கண்டுபிடித்தார்கள். 1981ஆம் ஆண்டு மே முதலாம் திகதி அவர்களின் மைல் திட்டம் ஆரம்பமானது. யுனைட்டட் நிறுவனம் சில நாட்களுக்குள் தன் திட்டத்தோடு வந்தது. கனடாவில் எயர் கனடாவின் ஏரோப்பிளான் 1984இல் தொடங்கியது.

விரைவிலேயே ஒரு சிக்கல் எழுந்தது. மைல் சேர்த்தவர்கள் தூரதேசம் போக ஆசைப்பட்டார்கள். ஆனால் எந்த ஒரு நிறுவனமும் உலகம் முழுவதும் பறப்பதில்லை. ஆகவே 1982இலேயே அமெரிக்கன் நிறுவனம் பிரிட்டிஷ் எயர்வேஸோடு சேர்ந்து, அவர்களுடைய விமானத்தில் பரிசுப் பயணம் வழங்கியது. பிறருடைய விமானத்தில் எங்கள் மைல்களோடு ஏறும் வழக்கத்துக்கு இது ஓர் ஆரம்பம்.

இருவர் இருவராகச் செய்த இந்த ஒப்பந்தங்கள் பின்னர் பெரிய கூட்டணிகளாகின. 1997 மே மாதம் எயர் கனடா, லுஃப்தான்சா, எஸ்.ஏ.எஸ்., தாய், யுனைட்டட் ஆகிய ஐந்தும் சேர்ந்து ஸ்ரார் அலையன்ஸை அமைத்தன. 1999 பெப்ரவரியில் வண்வேர்ள்ட் வந்தது. 2000 ஜூனில் ஸ்கைரீம் வந்தது.

எங்கள் பாதைகள் இதற்குள் மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தன. சிங்கப்பூர் எயர்லைன்ஸ் 2000இலும் துருக்கி எயர்லைன்ஸ் 2008இலும் ஸ்ராரில் சேர்ந்தன. கட்டார் எயர்வேஸ் 2013இல் வண்வேர்ள்டுக்குள் வந்தது. 2014 மே மாதம் சிறிலங்கன் எயர்லைன்ஸ் வண்வேர்ள்டிலும், அதே வருடம் ஜூலையில் எயர் இந்தியா ஸ்ராரிலும் சேர்ந்தன. அதற்கு முன்பு, சிறிலங்கன் நிறுவனத்தை எமிரேட்ஸ் நிர்வகித்த காலத்தில், 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்கைவேர்ட்ஸ் திட்டம் இருவருக்கும் பொதுவாக இருந்தது. 2008இல் எமிரேட்ஸின் நிர்வாகம் முடிவுக்கு வந்தபின் சிறிலங்கன் தனக்கென்று தனித் திட்டம் வைத்துக்கொண்டது. கட்டுநாயக்காவில் இறங்கும் விமானம் அதேதான். ஆனால் எந்த மைலைக் கொண்டு அதில் ஏறலாம் என்பது நிறுவனங்களின் உறவோடு சேர்ந்து மாறியது.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். நீங்கள் ஏரோப்பிளான் மைல்களைக் கொடுத்து லுஃப்தான்சாவில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களை ஏற்றிச் செல்வதற்காக ஏரோப்பிளான், லுஃப்தான்சாவுக்கு முன்பே பேசி வைத்த ஒரு தொகையைக் கொடுக்கும். அது வழக்கமாகக் காசுக்கு விற்கும் விலையைவிடக் குறைவு. ஆகவே பறக்கும் நிறுவனம், விற்காமல் போகும் என்று தான் கணிக்கும் இருக்கைகளை மட்டுமே பங்காளிக்குத் திறந்துவிடும். தன் சொந்த அங்கத்தவருக்குத் திறக்கும் இருக்கையைக்கூடப் பங்காளிக்கு மறைக்கலாம். விமானத்தில் இடம் இருக்கிறது, காசுக்கு ரிக்கற் கிடைக்கிறது, மைலுக்கு மட்டும் இல்லை என்று சொல்வதன் காரணம் இதுதான். தொலைபேசியில் பேசுகிற பிள்ளையைக் கோபிப்பதில் பலனில்லை.

இதிலிருந்து எங்களுக்கு உதவும் சில விதிகள் பிறக்கின்றன. இருக்கைகள் பெரும்பாலும் இரண்டு தருணங்களில் திறக்கும். ஒன்று, பயணத்துக்குப் பத்துப் பதினொரு மாதம் முன்பு. மற்றது, விமானம் நிரம்பாது என்று தெரியும் கடைசி நாட்கள். ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கோ மார்கழி விடுமுறைக்கோ போகிறவர்கள் முதலாவதை நம்பவேண்டும். செத்தவீட்டுக்கு ஓடுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் வழி. அவசரத்தில் காசு ரிக்கற்றின் விலை எங்கோ ஏறி நிற்கும். பங்காளி விமானத்துக்கு நிலையான மைல் அட்டவணை வைத்திருக்கும் திட்டங்களில், இருக்கை மட்டும் திறந்திருந்தால் கேட்கும் மைல் ஏறுவதில்லை. எங்கள் மைல்களுக்கு இதைவிடப் பெறுமதியான பயன் இல்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்று: ரிக்கற்றைக் கொடுத்தவர் வேறு, ஏற்றிச் செல்பவர் வேறு. திகதி மாற்றவும் இரத்துச் செய்யவும் மைல் வாங்கிய திட்டத்தையே கேட்கவேண்டும். பறக்கும் நிறுவனத்திடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

யாருக்கு ரிக்கற் எடுக்கலாம் என்பதிலும் வேறுபாடு உண்டு. ஏரோப்பிளானில் யாருக்கும் எடுத்துக் கொடுக்கலாம். சிங்கப்பூர் நிறுவனத்தின் திட்டத்தில் முன்கூட்டியே பெயர் பதிந்த ஐந்து பேருக்குத்தான் எடுக்கலாம். யப்பானின் ஏ.என்.ஏ. திட்டம் இரண்டாம் படி உறவு வரைதான் அனுமதிக்கும். யப்பானியக் கணக்கில் சித்தப்பாவும் மாமாவும் மூன்றாம் படி. சித்தப்பாவைத் தகப்பனுக்குச் சமனாக வைத்திருக்கும் எங்களுக்கு இது விசித்திரமாகத்தான் படும். ஆனாலும் மைல் சேர்க்கத் தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய விதி இது.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் விழுந்துபோன நிறுவனங்களிடம் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் அன்செட், ஸ்ரார் அலையன்ஸின் அங்கத்தவர். 2001 செப்ரெம்பரில் அது விழுந்தபோது அதன் அங்கத்தவர்கள் சேர்த்த புள்ளிகள் பயனற்றுப் போயின. கூட்டணி வந்து காப்பாற்றவில்லை. இந்தியாவின் ஜெற் எயர்வேஸ், ரொறன்ரோவிலிருந்து பிரசல்ஸ் வழியாக எங்கள் ஆட்களையும் ஏற்றிச் சென்றது. 2019 ஏப்ரலில் அது நின்றது. ஆனால் அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்தபடியால், இன்ரர்மைல்ஸ் என்ற பெயரில் தப்பியது. மைல் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதோ அதன் ஆயுள்தான் மைலின் ஆயுள்.

நிறுவனம் விழாமல் நின்றாலும் விதி மாறலாம். 1988இல் அமெரிக்கன் நிறுவனம் முன்பே சேர்த்த மைல்களுக்கும் புதிய கட்டுப்பாடுகளை விதித்தது. பயணிகள் வழக்குப் போட்டார்கள். 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தை மீறினால் வழக்குத் தொடரலாம் என்று சொன்னது. ஆனால் அந்த ஒப்பந்தத்தை எழுதுவது நிறுவனம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற வரியை அதில் அவர்கள் வைத்திருக்கிறார்கள். 2014இல் நோர்த்வெஸ்ற் நிறுவனம், அதிகம் முறையிடுகிறார் என்று ஒரு யூத மதகுருவைத் தன் திட்டத்திலிருந்து நீக்கிய வழக்கில், அதே நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்த்தது.

எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள் நாங்கள். கையில் கிடைப்பதைப் பத்திரமாக மூடி வைக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. நகைக்கு அது சரி, மைலுக்குச் சரிவராது. மைல் என்பது இன்னொருவர் தந்த வாக்கு. அந்த வாக்கை அவர் மாற்றலாம். பதினெட்டு மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் ஏரோப்பிளான் புள்ளிகள் காலாவதியாகும் என்பதையும் மறக்கவேண்டாம். அங்கே எட்டுப் பேர் வரை ஒரு குடும்பமாகப் புள்ளிகளை ஒன்றுசேர்க்கலாம். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கணக்குகளை அப்படிச் சேர்த்தால் ஒரு ரிக்கற்றுக்குக் காணும்.

அம்மாவைப் பார்க்கப் போக மைல் சேர்க்கிறோம் என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். மைல் காணும் என்றால் இந்த வருடமே போய்வாருங்கள். மைல் திரும்பச் சேரும்.