உறையூர்த் தேரரும் எட்டு வார வைத்தியமும்

திருச்சிக்காரங்களுக்கே தெரியாத திருச்சிக்காரர் ஒருவர் உண்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புத்ததத்த தேரர். பாலியில் எழுதியவர், தன்னை உரகபுரத்துக்காரர் என்று குறித்துக்கொண்டவர். அது இந்த உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. இலங்கை சென்று மகாவிகாரையில் படித்தார். திரும்பிவந்து காவிரிக்கரை விகாரையில் உட்கார்ந்து எழுதினார். அவருடைய 'அபிதம்மாவதாரம்' மனசைக் கூறுகூறாகப் பிரித்துப் போட்டுப் பார்க்கிற நூல். அந்தக் கூறுகளில் ஒன்று 'சதி'. நம்ம எழுத்தில் போட்டால் சூழ்ச்சி என்று படிப்பீர்கள். பாலியில் அது மறவாமை, விழிப்பான கவனம்.

அந்தச் சதிதான் ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னஸ்' ஆகி, 1979இல் ஜான் கபாட்-சின் மூலம் அமெரிக்க மருத்துவமனைக்குள் நுழைந்தது. பிறகு சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூவர் அதைத் திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வுக்குத் தடுப்பாக மாற்றினார்கள்.

எங்க தெருவில் ஒரு அக்கா மூன்று தடவை இப்படிப் படுத்து எழுந்தவர். பேய் என்று சொல்லி வேப்பிலை அடித்தார்கள். "இப்ப நல்லாத்தான் இருக்கேன் தம்பி, மறுபடி வந்துடுமோன்னுதான் பயம்" என்பார். அந்தப் பயம் நியாயமானது. விழுந்து எழுந்த மனசு ஒருநாள் லேசாக வாடினாலும், 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற பழைய நினைப்பு கூடவே கிளம்பிவரும். மாடு மாதிரி மனசு அதை அசைபோடும்; போடப்போட சோர்வு இறுகும். இந்த வைத்தியம் அங்கேதான் கைவைக்கிறது. வாரம் ஒருநாள், சுமார் இரண்டு மணி நேரம், எட்டு வாரம் குழுவாக உட்கார்ந்து மூச்சையும் உடம்பையும் கவனிக்கப் பழக்குகிறார்கள். நினைப்பை விரட்டவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். நினைப்பு என்று பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்பு, அவ்வளவுதான்.

2000இல் வெளியான ஆய்வில் 145 பேர். மூன்று தடவையோ அதற்கு மேலோ விழுந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 சதம் பேர் ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் மறுபடி விழுந்தார்கள். பயிற்சியை முறையாகப் பெற்றோரில் 37 சதம். இரண்டே தடவை விழுந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. 2015இல் 424 பேரிடம் செய்த ஆய்வில், மாத்திரையைத் தொடர்ந்தவர்களும், பயிற்சியோடு மருத்துவர் துணையில் மாத்திரையைக் குறைத்தவர்களும் இரண்டாண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். (யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.)

சரி, கடல் தாண்டிப் பிழைத்தது காவிரிக்கரையில் ஏன் அற்றுப்போனது? நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையை எடுத்துவந்து, அந்தப் பொன்னில் திருமங்கையாழ்வார் ஸ்ரீரங்கத்தில் மதில் எழுப்பினார் என்று வைணவக் குருபரம்பரைக் கதைகளே பெருமையாகச் சொல்கின்றன. நடந்ததோ இல்லையோ, இதைப் பெருமையாகச் சொல்ல முடிந்திருக்கிறது என்பதே வரலாறுதான். அந்த மதிலைச் சுற்றித்தான் நாம் இன்றும் நடக்கிறோம்.

எனக்கு ஒரு முரண்பாடும் உண்டு. 'லாயக்கில்லை' என்பது நம்ம பிள்ளைகளுக்குத் தானாக வந்த நினைப்பா? வகுப்பிலும் டீக்கடையிலும் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. மூச்சைக் கவனித்தால் மனசின் அசைபோடல் நிற்கலாம். சொன்னவன் வாய் நிற்காது. இறப்புக்குப்பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், துக்கத்தை மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவில் வைத்துப் பேசுகிறார் அம்பேத்கர். அந்தப் பாதியை அமெரிக்காக்காரன் கழற்றி வைத்துவிட்டான்.

அதற்காக மிச்சத்தை வேண்டாம் என்பேனா? மாட்டேன். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1990களின் பிற்பகுதியில் முதலில் தொடங்கியது திருச்சியில்தான். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை காசில்லாமல் கிடைக்கிறது. எட்டு வாரப் பயிற்சியோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், காசுக்கு. இத்தனைக்கும் அதற்கு வேண்டியது ஒரு கூடம், பாய், பத்துப் பன்னிரண்டு பேர், முறையாகக் கற்ற ஒருவர். அந்த ஒருவர் தமிழில் பேசுகிறவராக, நம்ம தெருவுக்குள் வந்து தண்ணி வாங்கிக் குடிக்கிறவராக இருக்கணும்.